வாளுக்கு எந்தக் கை?

"தெரியாது" என்ற சொல்லை அவ்வளவு பெருமையோடு சொன்ன மனிசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது அபூர்வம். வழி கேட்டால்கூட, தாங்கள் ஒருநாளும் போகாத தெருவுக்குக் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். இந்த அக்கா அப்படியில்லை. தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பட்டமளிப்பு விழாவில் நிற்பவர் மாதிரி நிமிர்ந்து, "தெரியாது" என்பார். அதற்குப் பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் வராது.

கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்னில் வரிசை வீடுகள். அவருடைய வீட்டுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான், என் மனிசன், மாமி, இரண்டு பிள்ளைகள், ஓயாத இரைச்சல். அந்தப் பக்கம் அக்காவும் ஒரு சுவர் நிறையப் பிலிப்பைன்ஸ் வாள்களும். நேரானவை, நெளிந்தவை, இலை மாதிரி அகன்றவை, முதலை வாய் பிளந்த மாதிரிப் பிடி வைத்தவை. பகலில் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்ட சனத்துக்கும் அதே "தெரியாது"தான் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு, வாள்வெட்டு என்று செய்தியில் கேட்டுக் கேட்டு எங்கள் சனத்துக்கு வாள் என்றாலே பயம். அதிலும் தனியாக இருக்கிற ஒரு பொம்பிளையின் வீட்டில் சுவர் முழுக்க வாள் என்றால் சும்மா விடுவார்களா? "உந்த வீட்டுக்குப் பிள்ளையளை அனுப்பாதையும்" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. நான் அனுப்பினேன். நானும் போனேன். அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்சில் ஏறவும் ஏலாது. என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. ஆகவே வாள் பார்க்கப் போகிற இடமெல்லாம் நானே சாரதி. கூலி, ஒரு தேத்தண்ணியும் ஒரு பிரசங்கமும்.

அந்தப் பிரசங்கங்களைச் சுவர் வழியாகக் கேட்டுக் கெட்டுப்போனவர் என் மனிசன். ஒருநாள் இணையத்தில் தேடி அவரும் ஒரு வாள் வாங்கிவிட்டார். நெளிநெளியாக இருக்கிற கிரிஸ் வகை. முந்நூறு வருசம் பழசாம், ஒரு சுல்தானுடையதாம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, என்னைப் பலகாரம் சுடச் சொல்லி, அக்காவைக் கூப்பிட்டார். பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆயத்தம் நடந்ததில்லை.

அக்கா வந்தார். ரோச் லைட்டை அடித்து முனையிலிருந்து பிடிவரை பார்த்தார். திருப்பினார். நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"தம்பி, நல்ல இரும்பு."

மனிசனுக்கு முகம் பூவாய் மலர்ந்தது.

"ஜீப்பின்ர ஸ்பிரிங் தகடு."

"அக்கா! சுல்தான்ர எண்டு எழுதியிருந்தவங்கள்."

"சுல்தான் ஜீப்பில போயிருக்கலாம். தெரியாது."

நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். அக்கா விடவில்லை. அவரை இருத்தி வைத்து விளக்கினார். "பழைய கிரிஸில அலகு ஒரு துண்டு, பிடிக்குக் கிட்ட அகலமா வாற அடி வேற ஒரு துண்டு. ரெண்டையும் பொருத்தின இடம் மெல்லிசாத் தெரியும். இதில பொருத்து இல்லை. பொருத்து மாதிரி ஒரு கோடு கீறி விட்டிருக்கு. பாருங்கோ வடிவா."

"ஒரு பேச்சுக்கெண்டாலும் நல்லதா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்று மனிசன் முகத்தைத் தொங்கப்போட்டார்.

"நல்ல இரும்பு எண்டு சொன்னனான்தானே? வாள் சொல்லுறதுக்கு மேல நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன், தம்பி."

இரண்டு கிழமை அவர் அக்காவோடு கதைக்கவில்லை. பிறகு அந்த வாளை வரவேற்பறையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் "இது ஜீப் வாள்" என்று தானே சொல்லத் தொடங்கினார். இன்றைக்கும் சொல்கிறார். சுல்தானைவிட ஜீப்புக்குத்தான் சனம் கூடச் சிரிக்கிறது.

வேலையிலும் அக்கா அப்படித்தான். எக்ஸ்ரே எடுக்கும்போது இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று காட்ட ஈயத்தில் செய்த சின்ன எழுத்து ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்களாம். அது இல்லாத படத்தை அக்கா கையாலும் தொடமாட்டார். "இடம் வலம் மாறிப்போச்செண்டால் நல்ல காலை வெட்டிப்போட்டு, நொந்த காலோட ஆளை வீட்டை அனுப்புவினம்" என்பார். போனில் வாளின் படத்தை அனுப்பி இது என்ன வகை என்று கேட்கிறவர்களுக்கும் பதில் கிடையாது. போன் சிலவேளை கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டிவிடும் என்று பயம். ஆளோடு வா, வாளோடு வா, அதற்குப் பிறகு கதைப்போம். அதுதான் சட்டம்.

இடம் வலத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு கண் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் ஓர் இடக்கைக்காரி. கனகாலம் எனக்கே தெரியாது. சாப்பிடுவது வலக்கை, எழுதுவது வலக்கை, கோயிலில் விபூதி வாங்குவது வலக்கை. ஒருநாள் எங்கள் வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகிக் கிடந்தது. மனிசன் தோற்று, நான் தோற்று, கடைசியில் அக்கா வாங்கி இடக்கையால் ஒரு திருகு. மூடி கழன்றுவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்துச் சொன்னார்:

"சின்னனில அம்மா நாடாவால இந்தக் கையைச் சட்டையோட சேர்த்துக் கட்டிவிட்டவ. சாப்பிடேக்கையும் எழுதேக்கையும். பழகிட்டுது."

ஒரு கோபமும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

வாள் அவருடைய வாழ்க்கைக்குள் வந்ததும் அந்தக் கையால்தான். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கிற யார்ட் சேல். பழைய விளக்கு, கோப்பை, பீங்கான் நாய்க்குட்டி இவற்றுக்கு நடுவில் ஒரு கட்டை வாள் கிடந்ததாம். சும்மா எடுத்துப் பார்த்திருக்கிறார், இடக்கையால். கோணலாக இருந்ததாம், கையை விட்டு ஓடப் பார்த்ததாம். வலக்கைக்கு மாற்றியதும் வந்து குந்திக்கொண்டதாம்.

"எனக்கு அண்டைக்குக் கோவம் வந்தது, தெரியுமோ? இரும்பும் எனக்கு எந்தக் கை எண்டு சொல்லிக் குடுக்குதோ எண்டு."

கோபத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்து, காரணம் தேடத் தொடங்கியவர்தான். பிலிப்பைன்ஸின் நடுவிலுள்ள தீவுகளில் வாள் அடிக்கும்போது அலகின் ஒரு பக்கத்தைத் தட்டையாக விட்டுவிடுவார்கள். மறுபக்கத்தில் மட்டும் கூருக்குச் சரிவு எடுப்பார்கள், தச்சரின் உளி மாதிரி. சரிவு வலப்பக்கம் இருந்தால் வலக்கைக்காரருக்கு வசமாக வெட்டும், பிடியையும் அந்தக் கைக்கேற்றபடியே இழைப்பார்கள். இடக்கைக்காரருக்கு அடிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் மாற்றி அடிக்க வேண்டும்.

"அங்கையும் இடக்கைக்காரர் இருந்திருப்பினம்தானே? அவைக்கும் ஒரு கொல்லன் மாத்தி அடிச்சுக் குடுத்திருப்பான். அந்த வாளெல்லாம் எங்கை?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. கண்காட்சி, பழைய சாமான் கடை, செத்த வீடு முடிந்து சாமான் விற்கிற வீடு என்று எங்கே போனாலும் வாளைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, சரிவு எந்தப் பக்கம் என்று பார்ப்பது. "வலக்கை" என்று மெல்ல முணுமுணுப்பார். பிறகுதான் வகை, ஊர், காலம் எல்லாம். ரொறன்ரோவில் நான் அவரைக் கொண்டு திரியாத மூலை இல்லை. பார்க்டேலில் ஒரு கடைக்குப் பனிக்குள் போய்த் திரும்பிவர எங்களுக்கு ஒரு பகல் போனது. அதுவும் வலக்கை.

மாமி செய்த வேலையைச் சொல்லாமல் விட்டால் மாமிக்கே மனம் பொறுக்காது. ஒரு சரஸ்வதி பூசைக்கு அக்கா வீட்டுக்கு அவலும் கடலையும் கொண்டுபோனவ, சுவர் முழுக்க ஆயுதம் சும்மா தொங்குவதைப் பார்த்திருக்கிறா. ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் கைக்கெட்டிய அலகுகளுக்கெல்லாம் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டா. பின்னால் போன நான் பார்த்தபோது சுவர் கோயில் தேர் மாதிரி இருந்தது. அக்கா தட்டோடு நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். ஈரம் பட்டால் அந்த இரும்பில் கறை ஏறும். ஆனால் அவர் மாமியை ஒரு சொல் ஏசவில்லை. மாமி தேத்தண்ணி குடித்து முடியும்வரை சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு, அவ படி இறங்கியதும் எண்ணெய்த் துணியோடு குந்தினார். நானும் கூட இருந்து துடைத்தேன்.

"பழுதாப் போகும் எண்டு நான் யோசிக்கேல்லை" என்றார். "பேந்து ஒரு காலத்தில ஆரோ ஒராள் இந்தக் கறையைப் பார்த்திட்டு, பிலிப்பைன்ஸில வாளுக்குச் சந்தனம் பூசினவை எண்டு எழுதிவைச்சிடும். அதுதான் யோசினை."

அடுத்த வருசம் வாள் மாட்டுகிற மரப்பலகையில் மாமிக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, "இஞ்ச வையுங்கோ அன்ரி, எல்லாத்துக்கும் சேரும்" என்றார். மாமிக்கும் திருப்தி. வாளுக்கும் சேதமில்லை.

இப்போது மரிசெல்லுக்கு வருகிறேன். மரிசெல், அக்கா வேலை செய்த ஆஸ்பத்திரியில் தாதி, பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய தகப்பனும் அவளும் மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீட்டில் இருந்தார்கள். அந்த வருசம் ஸ்காபரோவில் அவர்களுடைய சனம் ஒரு மண்டபத்தில் வாள் கண்காட்சி வைப்பதென்று முடிவெடுத்தது. ஒவ்வொரு குடும்பமும் தங்களிடமுள்ள பழைய வாளைக் கொண்டுவந்து வைக்கலாம். பொறுப்பாக நின்றவர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பிலிப்பைன்ஸ் பல் டொக்டர், நல்ல பெடியன். வாளைப் பார்த்து இனம்பிரித்து, பக்கத்தில் வைக்கிற விளக்க அட்டையை எழுதித் தரும்படி அவர்தான் அக்காவைக் கேட்டார். அவர்களுடைய வாளுக்கு விளக்கம் எழுத எங்கள் யாழ்ப்பாணத்து மனிசி! நான் அதைத் தமிழ்க் கடை, கோயில், பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு என்று போன இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிள்ளைகளை அனுப்பாதே என்று சொன்னவர்களுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அக்கா எழுதிய அட்டைகளில் பாதி "தெரியாது"தான். செய்தவர் தெரியாது, காலம் தெரியாது. பல் டொக்டர் தலையைச் சொறிந்தார். அவர்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். எனக்கு வருகிற மாதிரி எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"அன்ரி, இந்தத் 'தெரியாது'வைக் கொஞ்சம் குறைக்கேலாதோ?"

"சொல்லைக் குறைக்கலாம், டொக்டர். தெரியாதது குறையாது."

மரிசெல்லின் தகப்பனும் ஒரு வாள் கொண்டுபோயிருந்தார். பனாய் தீவின் தலிபொங், வளைந்த ஒற்றைக்கூர் வாள். எண்பது தாண்டிய மனிதர். யப்பான்காரன் அவர்களுடைய நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருடைய அப்பா மலைக்குள் போராடப் போனாராம். அப்போது இவர் தாயின் வயிற்றில். அப்பா திரும்பி வரவில்லை. யாரோ ஒருவர் இந்த வாளைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. இந்த மனிதருக்கு அப்பா என்றால் அந்த வாள்தான்.

பல் டொக்டர் அந்த வாளை அக்காவுக்குக் காட்டாமலே கண்காட்சிக்கு வேண்டாம் என்றுவிட்டார். சரிவு பிழையான பக்கத்தில் இருக்கிறது, பிடியும் ஒழுங்கில்லை, சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டுக்காரருக்கு விற்கக் கண்டபாட்டுக்கு அடித்துத் தள்ளிய சாமான் இது என்று, மனம் நோகாமல்தான், சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பெரியவர் வீட்டுக்கு வந்து, வாளைச் சுவரில் மாட்டாமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. வாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி மரிசெல் வேலைத்தலத்தில் அக்காவிடம் அழுதிருக்கிறாள்.

"நான் வந்து பார்க்கிறன்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். "ஆனா நல்லதாச் சொல்லுவன் எண்டு வாக்குத் தரமாட்டன்."

ஒரு சனிக்கிழமை நான்தான் கொண்டுபோனேன். வேனைவிட்டு இறங்குவதற்குள் மரிசெல் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு சொல்லு. 'உங்கட அப்பாவின்ர வாள்தான்' எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. அவர் நீங்கள் சொன்னா நம்புவார். ஆருக்கு என்ன நட்டம்?"

அக்கா மற்றக் கையால் வேன் கதவைச் சாத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு ஒரு புண்ணியமாப் போகும். இந்த ஒருக்கா மட்டும்" என்று தமிழில் காதுக்குள் சொன்னேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறினார். அந்த நேரம் எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது உண்மை. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று நினைத்தேன்.

உள்ளே பல் டொக்டரும் வந்திருந்தார். பெரியவரின் நிலை கேள்விப்பட்டு மனம் கேளாமல் வந்திருக்கிறார். பெரியவர் எங்களை இருக்கச் சொல்லி, நூடில்ஸ் போட்ட கோப்பை ஒன்றை எனக்கு நீட்டினார். இடக்கையால் நீட்டினார். எங்கள் வீடுகளில் ஒருவருக்கு இடக்கையால் சாப்பாடு கொடுத்தால் அதைவிட மரியாதைக்கேடு இல்லையே. என் கை ஒரு கணம் போகவில்லை. அக்கா என் காலை மெல்ல மிதித்தார். வாங்கிக்கொண்டேன்.

மரிசெல் வாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

அக்கா உறையிலிருந்து வாளை உருவி, வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார். "வலக்கை" என்ற முணுமுணுப்புக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு தரம் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வாளை இடக்கைக்கு மாற்றினார்.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? கலியாண வீட்டில், பரீட்சை முடிவு வந்த வீட்டில், பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாம் முகங்கள் பார்த்திருக்கிறேன். இது வேறு. வாள் அந்தக் கைக்குள் வந்து குந்திவிட்டது.

"இஞ்ச வாரும், எழும்பி நில்லும்" என்றார் என்னிடம்.

என்னுடைய சால்வையைக் கழற்றி, என் இடுப்பில் சுற்றி, வாளின் உறையை இடப்பக்கம் செருகினார். வலக்கைக்காரர் வாள் கட்டுகிற பக்கம். உறையின் ஒரு முகத்தில் பூவேலை, மறுமுகம் வெறும் மரம். பூவேலை என் வயிற்றுப் பக்கம் ஒளிந்துகொண்டது, வெறும் மரம் வெளியே தெரிந்தது.

"ஆராவது வேலைப்பாட்டை வயித்துக்குக் காட்டிக்கொண்டு திரிவினமோ?" என்று உறையை என் வலப்பக்கத்துக்கு மாற்றினார். பூவெல்லாம் வெளியே வந்தது. கடைப் பொம்மை மாதிரி நின்ற என்னை எல்லாரும் பார்த்தார்கள். பெரியவரும் இப்போது பார்த்தார்.

"டொக்டர், பிடியைப் பிடியுங்கோ."

பல் டொக்டர் வலக்கையால் பிடித்தார். "பிடிக்குப் போட்ட கொம்பில ஒரு பள்ளம் கிடக்கு, அன்ரி. உள்ளங்கையைக் குத்துது. அதுதான் ஒழுங்கில்லாத வேலை எண்டு நினைச்சனான்."

"மற்றக் கையால."

இடக்கைக்கு மாற்றினார். அவருடைய பெருவிரல் போய் அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் வாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெரிதாகச் சிரித்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கடவுளே! எனக்குத் தோணவே இல்லை. நான் ஒருக்காலும் அந்தக் கையால எடுத்துப் பார்க்கேல்லை."

"ஆரும் பார்க்கமாட்டினம்" என்றார் அக்கா. "கண்டபாட்டுக்கு அடிக்கிறவன் சரிவை மாத்தி அடிப்பான். உறையையும் சேர்த்து மாத்தமாட்டான். பிடி தேயிற அளவுக்குப் பிடிச்சும் தரமாட்டான். இது விக்கிறதுக்கு அடிச்ச சாமான் இல்லை."

பெரியவர் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தார். அக்காவின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்.

"அப்ப இது என்ர அப்பாவின்ர வாளோ?"

மரிசெல் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து நுள்ளினேன். அக்கா தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாது" என்றார்.

மரிசெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடக்கைக்காரர் ஒருத்தருக்கெண்டு பார்த்துப் பார்த்து அடிச்ச வாள். அவர் கனகாலம் பிடிச்சிருக்கிறார். அவருக்குப் பிறகு வலக்கையால ஆரும் பிடிச்ச தேய்வு இல்லை. வாள் சொல்லுறது அவ்வளவுதான், ஐயா. அதுக்கு மேல நான் சொன்னா, அது நான் சொன்னதாத்தான் இருக்கும்."

பெரியவர் மெல்லக் குனிந்து தன்னுடைய கையைப் பார்த்தார். கோப்பிக் கோப்பை பிடித்திருந்த கையை. இடக்கை.

"என்ர அம்மா ஒரு பூனைக்குட்டி மாதிரி" என்றார். "ஆரோடயும் சத்தமாக் கதைக்கமாட்டா. நான் பள்ளிக்கூடத்தில இந்தக் கையால எழுதினன் எண்டு ரீச்சர் அடிச்சுப்போட்டா. அம்மா அண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால நிண்டு கத்தினவ. 'இவன்ர இந்தக் கையில ஆரும் தொடப்படாது' எண்டு. நான் பயந்து போனன். ஏனம்மா எண்டு கேட்டதுக்கு அழுதவ. பேந்து நான் கேக்கேல்லை. அப்பாவைப் பற்றிக் கதைச்சாலும் அழுவா. அதால அதையும் கேக்கேல்லை."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாளின் பிடியை இடக்கையால் பற்றினார். பெருவிரல் போய்ப் படுத்தது. எண்பது வருசமாகப் பார்க்காத அப்பாவைப் பற்றி ஒரு மகன் தெரிந்துகொண்ட முதல் விசயம் அது. அந்த மனிதர் ஓர் இடக்கைக்காரர். பெரியவர் விம்மி விம்மி அழுதார், நடுவில் சிரித்தார். மரிசெல் அவரைக் கட்டிக்கொண்டாள். பல் டொக்டர் யன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். நான் இடுப்பில் வெறும் உறையோடு நின்று அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை. மேசையில் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இத்தினை வருசமாத் தேடின வாள், அக்கா. விலைக்குத் தருவீங்களோ எண்டு ஒரு பேச்சுக்கும் கேக்கேல்லையே?"

"பிடிச்சுப் பார்த்தனான்தானே. எனக்கு அது காணும்."

கொஞ்சம் போக, வேன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார். "அவற்ற அம்மா அந்தக் கையைக் காப்பாத்தி வைச்சிருந்தவ. என்ர அம்மா கட்டினவ."

"கோவமோ, அக்கா?"

"சீச்சீ. என்ர கை அவவுக்கு ஒருத்தரையும் ஞாபகப்படுத்தேல்லை. அவ்வளவுதான்."

அக்கா இப்போது வினிப்பெக்கில் இருக்கிறார். அங்கேயும் ஒரு சுவர் நிறைய வாள்களாம், அங்கேயும் ஒரு வேன்காரி பிடிபட்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். எதைக் கேட்டாலும் பதில் வரும். எனக்கோ அந்தத் "தெரியாது"வைக் கேட்க வேண்டும்போல இருக்கும்.

அந்தக் கண்காட்சியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மாமி, மனிசன், பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மண்டபத்தின் நடுமேசையில் அந்தத் தலிபொங். பல் டொக்டர் தன் கையாலேயே அதற்கு இடம் ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரியவர், மாப்பிள்ளை மாதிரி. வருகிற ஒவ்வொருவருக்கும் இடக்கையைத்தான் நீட்டினார். நானும் என் இடக்கையை நீட்டிக் குலுக்கினேன். மாமியும் ஒரு கணம் யோசித்துவிட்டு நீட்டினா.

அக்கா எழுதிய அட்டைகள் எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும், அப்படி ஒரு கையெழுத்து. அந்த வாளுக்குப் பக்கத்தில் இருந்த அட்டை மட்டும் கோணலும் மாணலுமாக இருந்தது. எழுத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரி ஏறி இறங்கியது. மை இழுபட்டிருந்தது. யாரோ சின்னப்பிள்ளையிடம் எழுதக் கொடுத்துவிட்டார்களே என்று அக்காவைத் தேடினேன். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய இடது உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீல மை. நான் பார்ப்பதைக் கண்டும் அவர் அந்தக் கையை ஒளிக்கவில்லை.

நான் திரும்பி வந்து, அந்த அட்டையை முதலிலிருந்து வாசித்தேன்.

"தலிபொங். பனாய் தீவு. செய்தவர் தெரியாது. காலம் தெரியாது. இடக்கைக்காரர் ஒருவருக்காகச் செய்யப்பட்டது. அவர் யாரென்று வாள் சொல்லவில்லை. அவருடைய மகன் சொல்கிறார்: என் அப்பா."